மர ஓப்பன்-பேக் ஹெட்போன் வாங்கினேன், இப்போது மின்விசிறியோடு தகராறு

#1 விடியற்காலை (மாம்பலம்)

எல்லோருக்கும் வணக்கம். ஐந்தாறு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். முதல்முறையாக ஒரு இழை தொடங்குகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு மர ஹெட்போன் வாங்கினேன். காதை முழுக்கச் சுற்றி உட்காரும் வகை, வால்நட் மரக் கோப்பை, பின்பக்கம் மூடாமல் கம்பி வலை (அதுதான் ஓப்பன்-பேக்), 50 மி.மீ. டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்), மின்தடை 32 ஓம். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் நாலாவது பதிவிலேயே "அதைவிட இது மேல்" என்று ஆரம்பித்துவிடுவீர்கள். எனக்கு இந்த இடம் தெரியும்.

இதுவரை வைத்திருந்தது மூடிய வகை. ரயிலில் போட்டுக்கொண்டால் தாம்பரம் வரை யாரும் இல்லாத மாதிரி இருக்கும். புதியதை முதல் நாள் இரவு தலையில் மாட்டினேன். பாட்டு போடுவதற்கு முன்பே எனக்குக் கேட்டவை: பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில், எங்கள் மின்விசிறி, கீழே யாரோ பைக் எடுக்கிறார்கள். ஹெட்போன் போட்டிருக்கிறோமா இல்லையா என்று கையால் தொட்டுப் பார்த்தேன். ஓப்பன்-பேக் என்றால் வெளிச்சத்தம் உள்ளே வரும் என்று நூறு முறை படித்திருக்கிறேன். படிப்பதும் குக்கர் விசிலும் வேறு வேறு.

அப்புறம் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டேன். டேப்பில் பிடித்த சபா கச்சேரி, பல வருடமாகக் கேட்டதுதான். அதில் பாடகருக்கு இடதுபுறம் கொஞ்சம் தள்ளி ஒருவர் தாளம் போடுகிறார், தொடையில் கை விழும் சத்தம். இத்தனை நாள் அது எனக்குக் கேட்டதில்லை. மூடிய ஹெட்போனில் எல்லோரும் என் மண்டைக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இதில் அவர்கள் எழுந்து காதுக்கு வெளியே போய், பாயை விரித்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. மேடை பெரிதானது என்று சொல்ல மாட்டேன். மண்டபத்தின் கதவைத் திறந்து வைத்தார்கள், அவ்வளவுதான். அதுவே போதுமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. செயற்கைத் தோல் பஞ்சுக்குள் 40 நிமிடத்தில் காது வேர்த்துவிடுகிறது. மின்விசிறியை 4-ல் வைத்தால் மெல்லிய இடமெல்லாம் போய்விடுகிறது, நிறுத்தினால் நான் போய்விடுவேன். இரவு 11 மணிக்கு மேல் கேட்டால் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போகிறாள். ஆக, எனக்கு மிஞ்சியது காலை 5 முதல் 6 வரை. பால் பாக்கெட் வரும் வரை.

அந்த நேரத்தில் அப்பாவும் எழுந்துவிடுவார். அவருக்கு 78 வயது, காது இன்னும் நன்றாகவே கேட்கும். ஹெட்போனைத் தலையில் வைக்கச் சொன்னால் "எனக்கென்ன விமானமா ஓட்டணும்?" என்பார். எதிர் நாற்காலியில் பேப்பர் படிப்பார். போன வாரம் திடீரென்று பேப்பரை இறக்கி, "இது கல்யாணிதானே?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "மிருதங்கம் யாரு? அவருக்கு இடது கை இல்லையா?" என்று கேட்டார்.

எனக்கு இடது கை நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது!

இரண்டு கேள்வி. ஒன்று, அப்பாவுக்கு ஏன் அப்படிக் கேட்டது? இரண்டு, மரத்தால்தான் இந்த இனிமை என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான், அது உண்மையா?

#2 கம்பிச்சுருள்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது. இரண்டாவதற்குச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், ஏனென்றால் சண்டை வரும்.

டிரைவரின் சவ்வு முன்னால் போகும்போது காதுப் பக்கம் காற்று அழுந்துகிறது, அதே நொடியில் முதுகுப் பக்கம் காற்று தளர்கிறது. இரண்டும் ஒரே ஒலி, ஆனால் நேர் எதிர். மூடிய வகையில் முதுகு ஒலி கோப்பைக்குள் அடைபட்டுக் கிடக்கும். உங்களுடையதில் அது வலை வழியே அறைக்குள் போகிறது.

தாழ்ந்த சுருதியின் அலை நீளமானது. 100 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலை சுமார் 3.4 மீட்டர். அந்த நீளத்துக்கு முன்னால் உங்கள் கோப்பை ஒரு பொட்டு. அதனால் முன் ஒலியும் முதுகு ஒலியும் வெளியே சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. உங்கள் காதைப் பஞ்சு சுற்றியிருப்பதால் உங்களுக்குத் தொப்பி (மிருதங்கத்தில் இடது கை அடிக்கும் தாழ்ந்த பக்கம்) கேட்கும். எதிர் நாற்காலிக்கு வலந்தலையும் (வலது கைப் பக்கம்) குரலும்தான் போய்ச் சேரும். அப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அவர் காதுக்கு என் வணக்கம்.

#3 வலந்தலை (தஞ்சாவூர்)

கம்பிச்சுருள் ஐயா சாப்பிட்டு வருவதற்குள் நான் துண்டு போட்டு இடம் பிடிக்கிறேன்.

மரம் முக்கியமில்லை என்று யாரும் இங்கே வந்து சொல்லக்கூடாது. நான் மிருதங்கம் கற்கிறவன். பலா மரத்தில்தான் கட்டை குடைவார்கள். தஞ்சாவூர் வீணையும் பலாதான். ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை, அதற்குத் தனி மவுசு. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரத்துக்கு ஆச்சா மரம், அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். 2022-ல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காரணம் இல்லாமலா இத்தனை பேர் இத்தனை தலைமுறையாக மரம் பார்த்து மரம் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஹெட்போனுக்கு மட்டும் எந்தக் கட்டையாக இருந்தாலும் ஒன்று என்றால் எப்படி?

#4 கம்பிச்சுருள்

தம்பி, மிருதங்கத்தில் கட்டைதான் வாத்தியம். தோலை அடித்தால் உள்ளே அடைபட்ட காற்றும் கட்டையும் சேர்ந்து பேச வேண்டும், அதற்காகவே செய்தது. ஹெட்போன் வாத்தியம் இல்லை. பதிவில் ஏற்கெனவே ஒரு பலாக்கட்டை பேசிவிட்டது. அதன் மேல் வால்நட்டும் பேச ஆரம்பித்தால் அது குறுக்கே பேசுவது. நல்ல ஹெட்போன் கோப்பையின் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது.

அதுவும் ஓப்பன்-பேக்கில் முதுகு ஒலி வெளியே போய்விடுகிறது. மரம் என்பது சுற்றி நிற்கும் வளையம். கோப்பை எவ்வளவு ஆழம், வலைக்குப் பின்னால் துணி உண்டா, பஞ்சு எவ்வளவு தடிமன், டிரைவர் காதிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், இவற்றை மாற்றினால் ஒலி மாறும். அதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே பார்க்கலாம். பாட்டு ஓடும்போது இரண்டு உள்ளங்கையாலும் வலையை மூடுங்கள், உடனே குரல் பானைக்குள் போகும். பஞ்சை விரலால் அழுத்துங்கள், மாறும். மரத்தைத் தடவுங்கள்... கைக்குச் சுகமாக இருக்கும்.

மரம் கேட்கவே கேட்காது என்று நான் சொல்லவில்லை. அது வரிசையில் ஏழாவது ஆள், விளம்பரத்தில் மட்டும் முதல் ஆள்.

#5 காந்தச்சட்டம்

வரலாறும் கொஞ்சம் பார்க்கலாமே. ஓப்பன்-பேக் என்பதைக் கடைக்குக் கொண்டுவந்தது சென்ஹைசரின் எச்.டி. 414, 1968-ல். பிளாஸ்டிக், மஞ்சள் பஞ்சு. மரம் ஒரு துளி கிடையாது. மரத்துக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது 1989-ல் சோனி செய்த எம்.டி.ஆர். ஆர்10, ஜெல்கோவா மரக் கோப்பை. ஆனால் அது மூடிய வகை. அடைபட்ட ஒலிக்கு மரம் என்ன செய்கிறது என்பதில் அங்கே ஒரு நியாயம் உண்டு. திறந்த வகைக்கு மர வாசனை பிடித்தது புரூக்ளினில் இருக்கும் கிராடோவால். 1953-ல் ரெக்கார்டு பிளேயர் முள் செய்ய ஆரம்பித்த குடும்பம், ஹெட்போனுக்கு வந்தது பிற்பாடு. மகாகனிக் கோப்பையோடு ஆர்.எஸ்.1 வந்த பிறகு மரம் என்றால் ஒரு மரியாதை.

என்னிடம் இருக்கும் தட்டைக் காந்த வகை (பிளேனர்) ஹெட்போனிலும் மர வளையம்தான். அதை வாங்கியது ஒலிக்காக என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் மேசையில் வைத்தால் அழகாக இருக்கிறது. அந்த அழகுக்கும் சேர்த்துத்தான் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டினேன்.

#6 இழைப்புளி (கோவை)

நான் தச்சு வேலைக்காரன், ஓய்வில் பழைய ஹெட்போன்களைப் பிரித்துப் போடுவது பழக்கம். இந்தச் சண்டை எங்கள் வீட்டிலும் வந்தது, அதனால் செய்தே பார்த்தேன்.

ஒரே ஜோடி டிரைவர். இரண்டு ஜோடிக் கோப்பை கடைந்தேன், ஒன்று தேக்கு, ஒன்று பலா. ஆழம், சுவர் கனம், வலை எல்லாம் ஒரே அளவு. லேத்தில் அரை மில்லிமீட்டருக்குள் பிடித்தேன் என்று நினைக்கிறேன். டிரைவரைத் திருகாணியில் மாட்டுகிற மாதிரி வைத்து, மாற்றி மாற்றிப் போட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டேன். மாட்டிவிட்டது என் மகள். 10 முறையில் 6 முறை சரியாகச் சொன்னேன். அன்று பெருமையாகத்தான் இருந்தது.

மகள் பிளஸ் டூ கணக்குப் பிரிவு. காசைச் சுண்டினாலே 10-க்கு 6 அல்லது அதற்கு மேல் விழ 38 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டாள். பெருமை அதோடு சரி.

ஆனால் இன்னொன்று சொல்ல வேண்டும். அதே தேக்குக் கோப்பையில் சுவரை 8 மி.மீ.யிலிருந்து 4 ஆக இழைத்தேன், உள்ளிடம் அகலமானது. அது கண்ணைக் கட்டாமலே, பக்கத்து அறையிலிருந்தே தெரிந்தது. ஆகவே மரம் வேலை செய்கிறது, மரத்தின் பெயர் வேலை செய்வதில்லை. பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றினால் மெல்லியதாக வார்த்து நிறுத்திவிடுவார்கள், மரத்தை அப்படி விட முடியாது, கனமாக விட்டால்தான் உடையாது. அந்தக் கனத்தால் கோப்பை அதிராமல் நிற்கிறது. தம்பி சொல்லும் இனிமையில் பாதி அதுவாக இருக்கலாம்.

#7 வலந்தலை

அண்ணே, பலாவில் கடைந்தும் தோற்றீர்களா. தஞ்சாவூர்ப் பக்கம் வந்துவிடாதீர்கள்.

#8 உப்புக்காற்று (சிங்கப்பூர்)

ஒலியை விடுங்கள், மரத்தைக் காப்பாற்றும் வழியை யாராவது கேட்டீர்களா? இங்கே வருடம் முழுக்க ஈரம். என்னுடையது வாங்கிய எட்டாம் மாதத்தில் கோப்பைக்கும் உலோக வலைக்கும் நடுவே முடி கனத்துக்கு ஓர் இடைவெளி விழுந்தது. மரம் ஈரம் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே உப்பும், ரேகையின் நீளவாக்கில் அசையாது. உலோகம் இரண்டு பக்கமும் அசையாது. நடுவில் பசைதான் மாட்டிக்கொள்கிறது. பகலில் ஏ.சி., இரவில் நிறுத்திவிட்டு ஜன்னலைத் திற என்று நான் வைத்திருந்த பழக்கம்தான் காரணம், ஈரத்தைவிட ஈரம் ஏறி இறங்குவது மோசம்.

இப்போது கேமராக்காரர்கள் வைக்கும் டிரை கேபினட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கிறேன். அது இல்லாதவர்கள் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் போடலாம். நீல மணி ரோஸ் ஆனாலோ, ஆரஞ்சு மணி பச்சையானாலோ ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம். மணியை மரத்தில் ஒட்ட வைக்காதீர்கள்.

யாரோ போன வருடம் இங்கே தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லியிருந்தார்கள். தயவுசெய்து வேண்டாம்.

#9 இழைப்புளி

தேங்காய் எண்ணெய் நான் சொன்னதில்லை என்று பதிவு செய்கிறேன். இந்தக் கோப்பைகளுக்கு மேலே லாக்கர் (வார்னிஷ் மாதிரிப் பூச்சு) பூசியிருப்பார்கள். எண்ணெய் உள்ளே இறங்காது, மேலே பிசுபிசுத்துத் தூசி பிடித்து, அப்புறம் காறல் வாடை அடிக்கும். உலர்ந்த பருத்தித் துணி போதும். பழைய வேட்டி இன்னும் நல்லது.

#10 விடியற்காலை

எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் #2-ஐப் படித்துக் காட்டினேன். "அப்போ என் காதுல தப்பில்ல" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பிவிட்டார். அன்று முழுக்க நல்ல மனநிலை.

உள்ளங்கைச் சோதனை செய்தேன், கம்பிச்சுருள் சொன்னது சரி. தம்பிக்கு இழைப்புளி அண்ணனின் பதிவை அனுப்பினேன். படித்ததற்கான நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை.

பஞ்சை மாற்றினேன். செயற்கைத் தோலுக்குப் பதில் வெலூர் (வெல்வெட் மாதிரி) துணி. வேர்வை பாதியாகக் குறைந்தது. ஆனால் அடித்தொனியும் கொஞ்சம் குறைந்தது, துணி காற்றைக் கசிய விடுவதால் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பழையதில் தொப்பி "தொம்" என்றது, இதில் "தம்" என்கிறது. சென்னையில் இருந்துகொண்டு "தொம்"மும் உலர்ந்த காதும் இரண்டும் வேண்டும் என்றால் கிடைக்காது போல. நான் காதைத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது புதிய பிரச்சினை. மின்விசிறியை 2-ல் வைத்தால் காற்றுச் சத்தம் இல்லை, ஆனால் ஒரு முனகல் வருகிறது. அது மற்ற பாட்டில் தொந்தரவு செய்வதில்லை. குறிப்பிட்ட ஒரு பாடகரின் பதிவுகளில் மட்டும் தம்புரா ஊசலாடுகிற மாதிரி இருக்கிறது, நொடிக்கு இரண்டு முறை அலைகிறது. மின்விசிறியை அணைத்தால் தம்புரா நேராகிவிடுகிறது. நான் கற்பனை செய்கிறேனா?

#11 கம்பிச்சுருள்

அவர் ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவரா?

#12 விடியற்காலை

ஆமாம்! எப்படித் தெரியும்?

#13 கம்பிச்சுருள்

இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், நிதானமாக எழுதுகிறேன்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் முனகல் அதன் இரட்டிப்பில், 100 ஹெர்ட்ஸில் வரும், ஏனென்றால் காந்த இழுப்பு ஒவ்வொரு அலையிலும் இரண்டு முறை உச்சத்துக்குப் போகிறது. சுவரில் இருக்கும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் அலையை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அதனால்தான் 5-ல் முனகாத விசிறி 2-ல் முனகுகிறது. அந்தக் காலத்துப் பெரிய சதுரப் பெட்டி ரெகுலேட்டர் சூடாகும், முனக வைக்காது.

ஒரு கட்டை என்றால் சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் முதல் தந்தி அதற்குக் கீழே இருக்கும் மந்தர பஞ்சமம். சட்ஜத்தில் முக்கால் பங்கு, 98 ஹெர்ட்ஸ்.

98-உம் 100-உம் ஒரே காதில் விழுந்தால் நொடிக்கு இரண்டு முறை ஊசலாடும். உங்கள் மின்விசிறி தம்புராவோடு சேர்ந்து பஞ்சமம் பிடிக்கிறது, சுருதி மட்டும் கொஞ்சம் ஏறிப்போச்சு. மூடிய ஹெட்போனில் இது உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஓப்பன்-பேக்கில் வீடும் கச்சேரிக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறது.

மூன்று வழி. ரெகுலேட்டரை முழு வேகத்தில் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். அல்லது பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார்) விசிறி வாங்குங்கள், பழைய விசிறி 75 வாட் இழுக்கும் இடத்தில் அது 30 சொச்சம்தான் இழுக்கும், இந்த முனகலும் இருக்காது. அல்லது சுருதி நன்றாகத் தள்ளியிருக்கும் வேறு பாடகரைக் கேளுங்கள்.

#14 வலந்தலை

ஐயா, நான் சரணடைகிறேன். மரத்தைப் பற்றி இல்லை. இதற்கு.

#15 அறை 214

புதியவன். கல்லூரி விடுதியில் இருக்கிறேன், ஒரு அறையில் மூன்று பேர். சேர்த்து வைத்த பணம் இருக்கிறது. இந்த இழையைப் படித்ததிலிருந்து மர ஓப்பன்-பேக் வாங்க ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா? போனில் நேராகப் போட்டால் ஓடுமா, தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டுமா?

#16 காந்தச்சட்டம்

வேண்டாம்.

#17 உப்புக்காற்று

காந்தச்சட்டம் ஒரு வார்த்தையில் முடித்ததைக் கொஞ்சம் விரிக்கிறேன். தம்பி, உன் அறையில் இருக்கும் இரண்டு பேருக்கும் நீ கேட்கும் பாட்டு இடது கை இல்லாமல் கேட்கும். அவர்களில் ஒருவன் போனில் பேசினால் உனக்கு எல்லாம் கேட்கும். முதல் வாரம் அவர்கள் பொறுப்பார்கள். இரண்டாம் வாரம் ஹெட்போனுக்கு ஏதாவது ஆகும். தனி அறை கிடைக்கும் வரை மூடிய வகையோ, காதுக்குள் செருகுவதோ வைத்துக்கொள். மரம் எங்கேயும் ஓடாது.

#18 கம்பிச்சுருள்

ஆம்ப் கேள்விக்கு மட்டும். 32 ஓம் வகைக்குப் பெரிய பெட்டி எதுவும் வேண்டாம். 1 வோல்ட் தரும் சாதாரண டாங்கிள் (போனில் செருகும் ஹெட்போன் இணைப்பு) 32 ஓமில் 31 மில்லிவாட் தள்ளும். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்று அட்டையில் போட்டிருந்தால், அந்த 31 மில்லிவாட்டில் 115 டெசிபல் போகும். அது காதுக்கு ஆகாத அளவு. 300 ஓம், 600 ஓம் வகைகளின் கதை வேறு. அங்கேதான் வோல்ட்டேஜ் தேவைப்படுகிறது. ஆம்ப் விற்கிறவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வார்கள், பிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் சில டாங்கிள்களில் சத்தம் குறைவாக வரும். அது பெரும்பாலும் போன் டாங்கிளின் ஒலியளவை முழுதாக ஏற்றிவிடாததால். ஹெட்போனைக் குறை சொல்லி விற்றுவிடாதீர்கள், டாங்கிளை மாற்றிப் பாருங்கள்.

#19 மருந்துச்சீட்டு

115 டெசிபல் என்று யாரோ எழுதியதைப் பார்த்து எட்டிப் பார்த்தேன். நான் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கிறவள். மரமோ பிளாஸ்டிக்கோ எனக்குக் கவலையில்லை, ஓப்பன்-பேக்கில் ஒரே ஒரு பயம் உண்டு. வெளிச்சத்தம் உள்ளே வருவதால் அதற்கு மேலே பாட்டை ஏற்றுவீர்கள். மின்விசிறி 4, அதற்கு மேல் பாட்டு. மழை வந்தால் மழைக்கு மேல் பாட்டு.

பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். அதாவது 83-ல் 20 மணி, 86-ல் 10, 89-ல் 5. 92-க்குப் போனால் வாரம் முழுக்க இரண்டரை மணி நேரம்தான். இரண்டு இடம் ஏற்றியது உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது, கணக்கில் பாதி போயிருக்கும்.

நான் நோயாளிகளிடம் சொல்வது, ஒலியளவை அமைதியான நேரத்தில் ஒருமுறை வையுங்கள், அப்புறம் சத்தமான நேரத்தில் அதைத் தொடாதீர்கள். பாட்டு கேட்கவில்லையா, நிறுத்திவிட்டு அப்புறம் கேளுங்கள். விடியற்காலை ஐயா 5 மணிக்குக் கேட்பது ரொம்பச் சரி. அவருக்கே தெரியாமல் நல்ல காரியம் செய்கிறார்.

#20 அறை 214

சரிங்க, வாங்கவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஆனால் இழையைத் தொடர்ந்து படிப்பேன்.

#21 வெள்ளிக்கம்பி

யாருமே பர்ன்-இன் பற்றிப் பேசவில்லையே? 200 மணி நேரம் ஓட்டினால்தான் மரம் "திறக்கும்" என்று கடையில் சொன்னார்கள்.

#22 கம்பிச்சுருள்

திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று அதே கடையில் கேட்டீர்களா?

#23 இழைப்புளி

மரம் "திறக்கும்" என்றால் எங்கள் தொழிலில் அது வெடிப்பு விழுவது.

(வெள்ளிக்கம்பி ஐயா தப்பாக நினைக்க வேண்டாம். பஞ்சு தலைக்கு ஏற்ப அமுங்கும், அதில் ஒலி கொஞ்சம் மாறும். காதும் பழகும். 200 மணி கழித்து மாறியது மரம்தான் என்று எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதே எனக்குச் சந்தேகம்.)

#24 விடியற்காலை

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். நவம்பர் மழை. உப்புக்காற்று அண்ணன் பேச்சைக் கேட்டு அரிசி டப்பா மாதிரி பெரிய டப்பாவில் ஆரஞ்சு மணி போட்டு வைத்திருக்கிறேன். மனைவி இரண்டு முறை அதில் துவரம்பருப்பு போடப் பார்த்தாள். கோப்பையில் இடைவெளி எதுவும் இல்லை. விசிறி மாற்றவில்லை, நாற்காலியை ஜன்னல் பக்கம் தள்ளிவிட்டேன். பழைய மூடிய ஹெட்போனும் இருக்கிறது, ரயிலுக்கு அதுதான். இதை விற்கும் எண்ணம் இல்லை. ஆனால் யாராவது "வாங்கலாமா" என்று கேட்டால், உங்கள் வீட்டில் எந்த ஒரு மணி நேரம் யாருக்கும் வேண்டாததாகக் கிடக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். அந்த மணி இல்லாதவர்களுக்கு இது மேசை அலங்காரம்.

சொல்ல வந்தது வேறு. போன வெள்ளிக்கிழமை பெருமழை. 4.40-க்கு மின்சாரம் போய்விட்டது. விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, எதிர்வீட்டு நீர் மோட்டாரும் நின்றது. ஃபிரிட்ஜ் அவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்று அது நின்றபோதுதான் தெரிந்தது. போனில் 60 சதவீதம் சார்ஜ், டாங்கிளைச் செருகினேன். அந்த ஒரு கட்டைப் பாடகரையே போட்டேன். மழை ஜன்னலுக்கு வெளியே, தம்புரா நடுவில், ஊசலே இல்லை. நான் வழக்கமாக வைப்பதில் பாதிச் சத்தம் போதுமாக இருந்தது.

அப்பா டார்ச் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பேப்பர் வராத நாள், அவருக்கு வேறு வேலை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து "அத இப்படி வை" என்றார். ஹெட்போனைக் கழற்றி, கோப்பைகளை வெளிப்பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்தேன், ஒலியளவை முழுக்க ஏற்றினேன். கொசு கச்சேரி செய்கிற மாதிரிதான் இருந்தது. இரண்டு பேரும் மேசை மேல் குனிந்துகொண்டு முழு ஆலாபனையும் கேட்டோம். மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் வந்தது. அப்பா கையை லேசாகத் தூக்கித் தாளம் போட்டுக்கொண்டே, "இந்த ஆளுக்கும் இடது கை இல்ல" என்றார்.

#25 வலந்தலை

அண்ணே, நாங்கள் தொப்பிக்கு ரவை பிசைந்து நடுவில் அப்புவோம், அடித்தொனி நன்றாக இறங்கும். கோப்பையில் கொஞ்சம் அப்பிப் பாருங்களேன்.

#26 இழைப்புளி

லாக்கர் போய்விடும். செய்யாதீர்கள்.